மூன்றாவது சிலிண்டர்

ஐப்பசி இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஏழே கால் மணி. விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் பழைய காரின் நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டார்கள். பத்து நாளாக வண்டி நின்ற இடத்திலேயே குலுங்கியது.

"பிஸ்டன் ரிங் போயிருந்தா காயலான் கடைதான். வால்வுன்னா நீயே செலவு பண்ணி வெச்சிக்க" என்று மகன் சொல்லியிருந்தான். போன வருடம் எனக்குக் கண் ஆபரேஷன் நடந்த சமயம் வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவன். அதனால் அவன் சொன்னதுதான் முடிவு.

மெக்கானிக் அவனோடு படித்தவன். ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் வைத்து அழுத்தம் பார்த்தான். நூற்றைம்பது, நூற்றைம்பது, அறுபது, நூற்று நாற்பத்தைந்து.

"மூணாவது அப்பா மாதிரியே. குலுங்குது, மூச்சு வாங்குது, ஆனா போவ மாட்டேங்குது. ரிங்குன்னு சொல்லி முடிடா மச்சான்" என்றான் மகன்.

"இரு மச்சான், உயிரு இருக்கறப்பவே மேளம் அடிக்காத."

மெக்கானிக் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டான். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து கேஜ் முள் ஏறும். ஏறவில்லை. பிறகு வால்வுகள் மூடியிருக்க வேண்டிய நிலைக்கு எஞ்சினைத் திருப்பி நிறுத்தி, காற்றுக் குழாயைச் சொருகினான். "போய் சைலன்சர்ல காத வெய்யி" என்று மகனை அனுப்பினான்.

மகன் குனிந்தான். புஸ்ஸென்ற சத்தம் எனக்கே கேட்டது. வால்வு சரியாக மூடவில்லை. காற்று அந்த வழியாகப் போகிறது.

"கேக்குதாடா? இன்னும் நல்லா காத வெச்சுக் கேளு" என்றேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்க்க இனிமையாக இருந்தது.

என் செலவில் வால்வு வேலை முடிந்தபின் ஆறு நாள் வண்டி குலுங்காமல் ஓடியது. "சிதம்பரம் போய் பூசை போட்டுடலாம்பா" என்றான் மகன். நான் நம்பினேன். தில்லைக் காளி கோயில் வாசலில் மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் நானே குனிந்து எலுமிச்சம்பழம் வைத்தேன். நிமிர்ந்தபோது டிரைவர் சீட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார். பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது.

"எஞ்சின் வேல முடிஞ்சதுன்னதும் நல்ல வெல குடுத்தாரு" என்றான் மகன்.

"நீயே வெச்சிக்கன்னு சொன்னியேடா!"

"ஆறு நாள் வெச்சிருந்தியே. நல்லா காத வெச்சுக் கேளுப்பா, சத்தமே இல்லாம போவுது பாரு."

கடலூருக்கு பஸ்ஸில் திரும்பினோம். இரண்டு டிக்கெட்டையும் நான்தான் எடுத்தேன். வால்வு, கேஸ்கெட், லேத் வேலை, கூலி, மாலை, எலுமிச்சம்பழம், டிக்கெட் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது பதினோராயிரத்து அறுநூற்று எண்பத்திரண்டு ரூபாய்.