சாமி படத்தில் படிந்த கரி

எங்கள் வீட்டுக் கணப்பு சரியாக எரியாமல் போனதற்குக் காரணம் நான்தான். இதை அப்பாவிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லியே ஆகவேண்டிய சித்தப்பாவிடமும் சொல்லவில்லை. மூன்று பேரும் இப்போது இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லாத பிறகு குற்றத்தை ஒப்புக்கொள்வதில் பெரிய துணிச்சல் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியிலிருந்து வந்து பாரிசின் லா ஷப்பேல் பகுதியில் ஒரு நான்காம் மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தோம். இன்று அங்கே ‘ரூ காய்’ என்ற தெருவில் முருங்கைக்காயும் பட்டுச் சேலையும் அடுத்தடுத்த கடைகளில் கிடைக்கின்றன. அன்று அந்தத் தெருவில் தமிழில் கூப்பிட்டால் எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளறையில் அப்பா, அம்மா, நான் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு படுப்போம். வெளியறையில்தான் சமையல், சாப்பாடு எல்லாம். பழைய பளிங்குக் கணப்பு மாடத்துக்குள் எரிவாயுக் கணப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதன் மேற்பலகையில் அம்மா முருகன் படத்தை வைத்திருந்தாள். பாரிசில் சாமிக்கு அதைவிட வெதுவெதுப்பான இடம் கிடைத்திருக்காது.

அந்த ஆண்டு குளிர் தொடங்கும்போது அப்பாவின் தம்பி வந்து சேர்ந்தார். ஒபர்வில்லியேயில் அட்டைப்பெட்டி செய்யும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. வெளியறையில் கணப்புக்கு முன்னால் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். பிரெஞ்சில் பெரிய மனிதரை ஐயா என்பதுபோல, என்னை 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது என் தொப்பியை எடுத்துத் தந்து, பட்டாளத்துச் சலாம் ஒன்று வைப்பார். அப்பா பார்க்காதபோதுதான்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் அம்மாவுக்குக் கருவாடு வரும். ஞாயிற்றுக்கிழமை வறுப்பாள். என் வகுப்புப் பையன் ஒருவன் மேல்மாடியில் இருந்தான். திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் நுழைந்ததும் அவன் மூக்கைப் பிடித்துக்கொள்வான். அவனைப் பார்த்து மற்றவர்களும். மணம் எப்படி மேலே போகிறது என்று வீடெல்லாம் தேடினேன். வெளியறைச் சுவரில், தரைக்குச் சற்று மேலே, கைக்குட்டை அளவில் ஓர் இரும்புச் சல்லடை இருந்தது. அதன் வழியாகக் கொல்லை முற்றத்துக் காற்று உள்ளே வந்தது. காற்று வரும் வழியில் மணம் போகாதா என்று யோசித்தேன். ஒரு சனிக்கிழமை அப்பாவின் பட்டாளத்துக் கம்பளிக் காலுறைகள் இரண்டு ஜோடியை அதற்குள் திணித்தேன். சித்தப்பாவின் தகரப் பெட்டியை அதன் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

திங்கட்கிழமையும் அவன் மூக்கைப் பிடித்தான். மணம் என் கோட்டிலேயே இருந்திருக்கிறது. காலுறைகளை எடுத்துவிடலாம் என்று முதல் நாள் நினைத்தேன். பிறகு மறந்தேன். அதன் பிறகு எடுக்கப் பயந்தேன்.

அந்த வாரமே கணப்பு தொல்லை கொடுக்கத் தொடங்கியது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு தீக்குச்சி காட்டினால் விரலளவுச் சுடர் ஒன்று முதலில் பிடிக்கும். அது நின்றால்தான் மற்றவை வரிசையாக எரியும். இப்போது அந்தச் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடியது. சில மணி நேரத்தில் அணைந்தது. கேஸ்காரரைக் கூப்பிட அப்பாவுக்கு விருப்பமில்லை. வீட்டு ஒப்பந்தத்தில் மூன்று பேர்தான். நான்காவது பாயைப் பார்த்தால் கேள்வி வரும். எனவே வேலை சித்தப்பாவின் தலையில் விழுந்தது. மாலையில் வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கணப்பின் முன் மண்டியிடுவார். கரி அடைத்த துளைகளை அம்மாவின் தையல் ஊசியால் குத்தி எடுப்பார். ரப்பர் குழாயைச் சோப்பு நுரையால் சோதிப்பார். சைக்கிள் பம்பால் ஊதுவார். நான் பக்கத்தில் தீப்பெட்டியுடன் உட்கார்ந்திருப்பேன்.

"துரை மாதிரிடா இவரு. நாலு தரம் கும்பிட்டாத்தான் எந்திரிப்பாரு. குச்சியக் காட்டு, முசியே."

நான் காட்டுவேன். எரியும். இரண்டு நாளில் மறுபடியும் கரி. அந்தக் கரி முருகன் முகத்திலும் படிந்தது. அம்மா காலையில் துடைப்பாள்; மறுநாள் மறுபடியும் படிந்திருக்கும். முதலில் முணுமுணுத்தாள். பிறகு அப்பாவிடம் நேராகவே சொன்னாள்.

"உங்க தம்பி வந்த வேள நல்லால்லீங்க. சாமி மொகமே கறுத்துப் போவுது."

சித்தப்பாவும் அதற்குத் தோதாக நடந்துகொண்டார். காலையில் எழ மாட்டார். எழுப்பினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சில நாள் வாந்தி எடுத்தார். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அப்பா அவர் வாயை முகர்ந்து பார்த்தார். பட்டறைக்குத் தாமதமாகப் போய், பிறகு போகாமலே இருந்து, ஒரு நாள் வேலையும் போனது. விடிவதற்கு முன் கொம்பு ஊதி எழுப்பிய வாழ்க்கை அப்பாவுடையது. அவரால் அதைத் தாங்க முடியவில்லை.

"பட்டாளத்துல இப்படித் தூங்குனா உள்ள வெச்சிப் பூட்டிடுவான். எதுக்குடா வந்த? தூங்கவா?"

"தெரியலண்ணா. தலையைத் தூக்கவே முடியல. கல்லு வெச்சாப்ல இருக்குது."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி அப்பா சொன்னார். லியோனில் ஊர்க்காரர் ஒருவர் அறையில் இடம் இருந்தது. கிளம்பும் காலையில்கூட சித்தப்பா கணப்பைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் கை கழுவினார். தகரப் பெட்டியைத் தூக்கினார். சல்லடை வெளியே தெரிந்தது. நான் அதன் முன்னால் போய் நின்றுகொண்டேன். அவரை வழியனுப்ப நான் அங்கே நிற்பதாக அவர் நினைத்துக்கொண்டார். எனக்குச் சலாம் வைத்தார்.

"நான் போனதும் இது எரியும் பாரு."

அவர் படியிறங்கியதும் காலுறைகளை உருவி அழுக்குத் துணிக் கூடையில் போட்டேன். அன்றிலிருந்து கணப்பு நீலமாக எரிந்தது. அப்பா அதைக் காட்டி, அவன் கை படாததால்தான் எரிகிறது என்றார். அம்மா முருகனைக் கடைசியாக ஒருமுறை துடைத்தாள். காலுறைகளையும் துவைத்துக் கணப்பின் முன்னால் காயப்போட்டாள். எனக்குக் குற்ற உணர்வு இருந்தது. அதைவிட, அகப்படவில்லை என்ற நிம்மதி பெரிதாக இருந்தது. சகோதரர்கள் அதன் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாவின் சாவுக்கு அவர் வந்து, வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

ஒரு கணப்பைக் கெடுத்துப் பழியை அவர்மேல் விழ விட்டேன் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். இந்தக் குளிர்காலத்தில் என் வீட்டுக் கணப்பு பற்ற மறுத்தது. பழுது பார்க்க யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் வந்தார். சுடர் வரும் முனையில் தூசி, துடைத்ததும் பற்றிக்கொண்டது. கிளம்பும்போது சுவரடிச் சல்லடையின் முன்னால் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார்.

"ஐயா, இதை மட்டும் ஒருநாளும் அடைச்சுப் போடாதேங்கோ. குளிருது எண்டு சனம் துணி வைச்சு அடைக்குதுகள். காத்தில்லாமல் எரிஞ்சால் வாற நஞ்சுக்கு மணமே இல்லை. முதல் தலையிடி, பேந்து வயித்தைப் பிரட்டிச் சத்தி, ஆளுக்கு எழும்பேலாது. கொஞ்சம் கூடினால் எழும்பவே மாட்டார்."

எத்தனை நாளில் என்று கேட்டேன். அது அறையைப் பொறுத்தது என்றார். எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். ஆமாம் என்றேனா, இல்லை என்றேனா, நினைவில்லை.

அவர் போன பிறகுதான் அந்தக் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. லியோனுக்குப் போன ஒரு மாதத்தில் சித்தப்பா எழுதியது. அப்பா சாப்பாட்டு மேசையில் அதை உரக்கப் படித்தார். அறையில் கணப்பே இல்லை, குளிரில் விறைக்கிறது; ஆனால் என்ன மாயமோ, வந்த மூன்றாம் நாளே தலைவலி விட்டுப்போனது, காலையில் ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறேன், அண்ணனிடம் சொன்னால் நம்ப மாட்டார் என்று எழுதியிருந்தார்.

அப்பா கடிதத்தை மடித்தார். அண்ணன் வீட்டுச் சோறு நின்றதும் வியாதியும் நின்றுவிட்டது பார் என்றார். அம்மா சிரித்தாள். கணப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. என் காலில் அந்தக் கம்பளிக் காலுறைகள் இருந்தன. எனக்குப் பெரியவை, முழங்கால்வரை வந்தன. நானும் சிரித்தேன்.