கூம்பு ஸ்பீக்கர் கற்றுக்கொடுத்த நிறுத்தம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரங்கூனில் பிறந்த தமிழன். பழைய ரேடியோக்களைப் பிரித்து, கம்பியைக் கையாலேயே சுற்றி, என் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தபோது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கடையை அரசாங்கத்திடம் இழந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய காலத்தில் நான் மைக்செட் கடை திறந்தேன். அறுபதை நெருங்கும்போது சிட்னிக்கு வந்தேன். ஹோம்புஷில் நாங்கள் கூடும் மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் பேச்சு தெளிவாகக் கேட்கிறதென்றால், அந்த வயரிங் நான் போட்டது. மகனை இன்ஜினியராக்கினேன், மெல்போர்னில், டார்னெய்ட்டில் வீடு கட்டியிருக்கிறான். இத்தனையும் போக, ஒரு பெண்ணுக்குப் பேசவும் கற்றுக்கொடுத்தேன். அதைத்தான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அவள் பர்மியப் பாடகி. ரங்கூனில் அவள் ஏறிய மேடைகளில் பாதிக்கு மைக்செட் என்னுடையது. பிறகு பாட்டை விட்டுவிட்டு, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு நிவாரண அமைப்பில் வேலைக்குப் போனாள். முப்பது வருஷம் நாடு நாடாகச் சுற்றி, சண்டை போடுகிற இரண்டு பக்கத்தாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசுகிற அளவுக்கு உயர்ந்தாள். இப்போது ஓய்வு பெற்று, என் மகன் வீட்டிலிருந்து பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கிறாள். தன் வாழ்க்கையை இங்கிலீஷில் புத்தகமாக எழுதி முடித்துவிட்டு, அச்சுக்குப் போகுமுன் பழைய ரங்கூன் விஷயங்களைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டாள்.

போனேன். முட்டி இரண்டும் போய்விட்டது. விமானத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே எழுந்திருக்க ஆள் வேண்டும். மருமகள்தான் காரில் கொண்டுபோய் விட்டாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "நான் கடைக்குப் போட்டு வாறன் மாமா. முடிஞ்சதும் போன் பண்ணுங்கோ. அந்த அன்ரியோட சண்டை பிடிக்காதேங்கோ" என்றாள்.

எனக்கு இங்கிலீஷில் கையெழுத்து மட்டும்தான் வரும். அதனால் அவள் பக்கம் பக்கமாகப் பார்த்து, பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டு வந்தாள். தெருப் பெயர், தியேட்டர், டீக்கடை எல்லாம் சரி. இரண்டு இடத்தில் திருத்தினேன். அப்புறம் அந்தப் பக்கம் வந்தது. அவள் பேச்சில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு வரும் அமைதி பெரிய பெரிய அதிகாரிகளையே கட்டிப்போட்டதாம். அதைத் தன் பாட்டு வாத்தியாரிடம் கற்றாளாம்.

டீக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

நடந்தது இதுதான். புயல் அடித்து ஆற்று முகத்துவாரத்து ஊர்கள் மூழ்கிய வருஷம். கரைமேட்டில் முகாம் போட்டிருந்தார்கள். நீளமான மேடு, ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாது. நான் தென்னை மரங்களில் நான்கு கூம்பு ஸ்பீக்கர் கட்டி, லாரி பேட்டரியில் ஓட்டினேன். ஜனங்களுக்கு ஆறுதலாகப் பாட அவள் வந்திருந்தாள். கான்வென்டில் படித்தவள் என்று தெரிந்து, அந்த நிவாரண அமைப்பின் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இங்கிலீஷில் எழுதிய அறிவிப்பைக் கையில் கொடுத்தார். அரிசிப் படகு எந்தத் துறைக்கு வரும், காய்ச்சல்காரர்கள் எங்கே போகவேண்டும் என்கிற விவரம். அவள் அதைப் பர்மிய மொழியாக்கி, பாடுகிற மாதிரியே, மூச்சு விடாமல் இழுத்துப் படித்தாள். கிட்டத்து ஸ்பீக்கரின் சத்தமும் தூரத்து ஸ்பீக்கரின் சத்தமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரு சொல்லும் புரியவில்லை. என்ன ஏது என்று கேட்க எல்லோரும் மைக்கை நோக்கி முண்டியடித்தார்கள். ஒரு கிழவி சேற்றில் விழுந்து மிதிபட்டாள். பிழைத்தது பெரிய காரியம்.

அவள் அழுதாள். நான் மைக்கை வாங்கி அணைத்துவிட்டுச் சொன்னேன்: "ஞீமா, இது பாட்டு இல்ல. நாலு சொல்லு சொல்லு, வாயை மூடு. கடைசி ஸ்பீக்கர் சொல்லி முடிக்கிறது உன் காதுல விழணும். அப்புறம் அடுத்த நாலு சொல்லு."

ஞீமா என்றால் தங்கச்சி. மூன்று நாள் பக்கத்திலேயே நின்று, விரலை நீட்டினால் பேசு, மடக்கினால் நிறுத்து என்று பழக்கினேன். நான்காம் நாள் நான் விரலை அசைக்கவேண்டியிருக்கவில்லை. அந்த அதிகாரி அவளை அங்கிருந்தே வேலைக்கு எடுத்துக்கொண்டார். பாட்டு வாத்தியாரிடம் அப்படி நடுவில் வாயை மூடியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

"முகாம் எங்கே ஞீமா?" என்று கேட்டேன்.

"இருக்கு அகோ. அடுத்த பக்கத்துல." அண்ணனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தேடிப் பார்த்துச் சொன்னாள்: "உள்ளூர் உதவியாளர் ஒருவர் மைக்கைக் கொடுத்தார்."

"உதவியாளரா? மைக்செட் என்னுது, பேட்டரி என்னுது, மரத்துல ஏறினது நான். யாருக்கு நான் உதவியாளர்?"

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். அவளும் களைத்துத்தான் போயிருந்தாள். "முதல் பத்திரிகை இன்டர்வியூல, இப்படிப் பேச எங்க கத்துக்கிட்டேன்னு கேட்டாங்க. கூம்பு ஸ்பீக்கர்னு சொல்ல வெக்கமா இருந்தது. பாட்டு வாத்தியார்னு சொல்லிட்டேன். அதையே முப்பது வருஷமா மேடை மேடையாச் சொல்லிட்டேன் அகோ. இப்ப மாத்தினா, மத்ததும் பொய்னு நினைப்பாங்க."

"அப்ப நான் பொய்யா இருந்துட்டுப் போறேன், அப்படித்தானே?"

"நீங்க எப்பவும் சத்தமாத்தான் கேப்பீங்க" என்றாள். சிரிக்க முயன்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும்போது மருமகள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். எல்லாம் சொன்னேன். "ஓம் மாமா, உங்கட படத்தையே அட்டையில போடச் சொல்லுவம்" என்று கிண்டல் செய்தாள். பிறகு சிக்னலில் நிற்கும்போது, மெதுவாக, "எழுதிக் குடுங்கோ மாமா. வாயால சொன்னா உங்களுக்குக் கோவம்தான் வருது" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். அவளுடைய படிப்பும் துணிச்சலும் என்னுடையவை அல்ல. அவற்றை நான் கேட்கவுமில்லை. பாட்டைப் பாட்டு வாத்தியாருக்கே கொடுக்கட்டும். புத்தகம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் 'உள்ளூர் உதவியாளர்' என்பதை அடித்துவிட்டு, மைக்செட் கடை வைத்திருந்தவர் என்றும், பேச்சில் நிறுத்தத்தைக் கற்றுக்கொடுத்தவர் என்றும் போட்டு, என் பெயரை என் தகப்பன் பெயரோடு முழுதாக அச்சடிக்கவேண்டும்.