பிரேமாவதியின் பிரஷர் மாத்திரை

வாளியைக் கீழே வைத்துவிட்டு, பிரேமாவதி கன்று நிற்கும் ஒவ்வொரு பாலிபேக்கின் மண்ணிலும் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே போகிறார். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் கன்று எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அவருக்குப் பொருட்டில்லை. மண் விரலுக்கு இடம் கொடுக்க வேண்டும். கொடுக்காத பையைக் கம்பியால் கிளறிவிட்டுத்தான் உரம். “கட்டிப்போன மண்ணுல போட்டா எல்லாம் ஓரமா வழிஞ்சி வெளிய போயிரும் லா. அப்புறம் கன்னு மஞ்சளாவுதுன்னு நம்மளத்தான் ஏசுவாங்க.”

நானும் வேலை செய்யும் பாடாங் செராய் பக்கத்து நர்சரியில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. வயது ஐம்பத்து மூன்று. எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷி. ரம்புத்தான் பழம் வாங்கினால் முதல் கொத்து பக்கத்து வீட்டு முனியாண்டிக்குப் போகும். அந்த லயத்து வரிசை வீடுகளில் தலைவலி மாத்திரையும் இருமல் மருந்தும்கூட அப்படித்தான் வீடு வீடாக நடக்கும்.

போன வருடம் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். கட்டி பெரிய ரத்தக்குழாயை ஒட்டியிருந்ததால் வெட்ட முடியாது. சுருங்கி விலகினால் பார்க்கலாம். ஓர் ஆய்வில் சேர்த்து, டிரிப் மருந்தோடு தினமும் ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். எதற்கென்று விளக்கவும் செய்தார்கள். பயத்தில் ஒன்றும் காதில் ஏறவில்லை.

அட்டையைப் பார்த்த முனியாண்டி, “இது பிரஷர் மாத்திர லா, என் தம்பி இதத்தான் சாப்பிடுறான்” என்றார். பிரேமாவதிக்குப் பிரஷர் கிடையாது. முனியாண்டிக்கு உண்டு, கிளினிக் போகத்தான் சோம்பல். பிரேமாவதி அட்டையை அப்படியே அவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஐந்து வாரம் அவர் மாத்திரையை முனியாண்டி விழுங்கியிருக்கிறார்!

ஆஸ்பத்திரியில் வெற்று அட்டையைக் காட்டச் சொன்ன தாதி எவலினிடம், அது முனியாண்டி வீட்டில் இருக்கிறது என்று சொல்லப்போய்த்தான் குட்டு உடைந்தது. எவலின் ஏசவில்லை. “அக்கா, இது உங்க பிரஷருக்கு இல்ல. செல்லுங்களச் சுத்தி நாரு மாதிரி ஒரு வல இருக்கு. நல்ல இடத்துல அது இளக்கமா இருக்கும். உங்க கட்டி அதக் கெட்டியாக்கி வேலி போட்டுக்கிச்சு. சின்ன ரத்தக்குழாயெல்லாம் நசுங்கி, டிரிப் மருந்து உள்ள போவ மாட்டேங்குது. இந்த மாத்திர அத இளக்கும்னு நம்புறோம்.”

பிரேமாவதி தன் கட்டைவிரலைப் பார்த்தாராம். “மண்ணு கட்டிப்போச்சுன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம் லா!”

விஷயம் தெரிந்ததும், மறுநாள் காலையிலிருந்து முனியாண்டி அவர் வாசலில் ஆஜர். பாவம், முகத்தில் ஈயாடவில்லை. பிரேமாவதி மாத்திரையை விழுங்கி நாக்கை நீட்டிக் காட்டும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். நான்கு மாதமாக ஒருநாள் தவறியதில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை ஸ்கேன் முடிவு வந்தது. கட்டி சுருங்கி, ரத்தக்குழாயை விட்டு விலகியிருக்கிறது. மாத்திரையாலா, டிரிப்பாலா என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார். அதைச் சொல்லும்போது பிரேமாவதி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை காலை நான் போனபோது முனியாண்டி முந்திக்கொண்டிருந்தார். பிரேமாவதி விழுங்கினார், நாக்கை நீட்டினார். பிறகு முனியாண்டியின் சட்டைப் பையில் கைவிட்டு, அவர் ஒருவழியாகக் கிளினிக் போய் வாங்கிவந்திருந்த பிரஷர் மாத்திரை அட்டையை உருவி, ஒரு மாத்திரையைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“இப்ப நீங்க காட்டுங்கண்ணே.”

அறுபத்தைந்து வயது முனியாண்டி மாத்திரையை விழுங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நாக்கை நீட்டினார். பிரேமாவதி குனிந்து, நாக்குக்கு அடியிலும் பார்த்தார்.