ஓட்டை விழுந்த ஏ பி சி டி

விசைத்தறிச் சத்தத்தைக் காதால் கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். ஆரணியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது உள்ளங்காலில் ஏறி, முழங்காலைக் கடந்து, பல்வரிசையில் வந்து முடியும். அந்த அதிர்வில் நின்றுதான் நான் ஆங்கில எழுத்து இருபத்தாறையும் கற்றேன். அதற்குமேல் கற்றேனா என்று என் மேனேஜரைக் கேட்டுவிடாதீர்கள்.

தெருக்கோடித் தறி ஷெட்டில் அப்பாவுக்கு வேலை. ஷெட்டை ஒட்டிய அறையை வாடகைக்குப் பிடித்து, பள்ளி வயது வராத எங்களைப் போன்ற வாண்டுகளுக்குக் கற்பகம் மிஸ் வகுப்பு நடத்தினார். சுவருக்கு அந்தப்பக்கம் தறிகள் ஓட, மிஸ் வாயைத் திறந்தால் தொட்டிக்குள் மீன் பேசுவது போலிருக்கும். ஆகவே வந்த சில நாளிலேயே பேச்சைக் கைவிட்டு, எங்கள் உடம்பைக் கையிலெடுத்தார்.

மிஸ் ஓர் எழுத்தைத் தூக்கிக் காட்டுவார். நாங்கள் அந்த எழுத்தாகவே நிற்க வேண்டும். காலை அகட்டிக் கைகளைத் தலைக்குமேல் கூப்பினால் ஏ. நடுக்கோட்டுக்கு அரைஞாண் கயிறு. ஒரே பக்கமாகக் கையையும் காலையும் நீட்டினால் கே. டி-க்கு மட்டும் நான் எந்தச் சிரமமும் பட்டதில்லை; பக்கவாட்டில் திரும்பி நின்றால் போதும், மிச்சத்தைத் தொப்பை பார்த்துக்கொள்ளும். நின்றபிறகு எழுத்தின் பெயரைக் கத்த வேண்டும். யார் குரல் தறியைத் தாண்டி மிஸ் காதில் விழுகிறதோ அவருக்கு ஒரு "கமர்கட்டு". தறியில் நூல் அறுந்து நிற்கும் சமயங்களில் அப்பா சன்னல் வழியே எங்களைப் பார்த்து, தானும் ஒரு ஏ போட்டுக் காட்டிவிட்டுப் போவார்.

மிஸ் காட்டிய எழுத்துகளும் ஷெட்டிலிருந்து வந்தவைதான். புடவைக் கரையில் மயிலும் மாங்காயும் விழுவதற்காக, வரிசை வரிசையாகத் துளையிட்ட "டிசைன் அட்டை"களைத் தறியில் கோத்திருப்பார்கள். கழித்துப் போட்டதை அப்பா அள்ளிவந்து தருவார். மிஸ் கோடு போட, நாங்கள் மொண்ணைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஓரத்தில் பட்டுநூல் ஒட்டுவோம். தமிழ் எழுத்துக்குப் புள்ளி போல, இங்கிலீஷ் எழுத்துக்கு ஓட்டை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். யாரும் மறுக்கவில்லை, மறுத்திருந்தாலும் கேட்டிருக்காது.

பிறகு, பெரிய பள்ளியில் சேர்க்கை நேர்காணல் வந்தது. "இவன் ஒருத்தனாவது சத்தம் இல்லாத எடத்துல உக்காந்து சம்பாரிக்கணும்" என்பது அப்பாவின் ஒரே ஆசை. அது இந்த சீட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் அவர் விறைப்பாக உட்கார்ந்திருக்க, தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "ஏ பி சி டி சொல்லு கண்ணா" என்றார்.

அறையில் ஒரே அமைதி. அவ்வளவு அமைதியில் யாருக்கு இங்கிலீஷ் வரும்? எழுந்து காலை அகட்டிக் கைகளைக் கூப்பினேன். சி-க்கு வளைந்தபோது தலைமையாசிரியை அப்பா பக்கம் திரும்பினார்.

"ஏங்க, பையனுக்குப் பேச்சு வராதா?"

"பேச்சா? வூட்ல இவனோட பேஜார் தாங்கல மேடம். டேய், ஜல்தி சொல்றா!"

"சரி, எழுதியாவது காட்டட்டும்."

காகிதத்தில் அழகாக ஒரு ஏ எழுதி, பென்சிலால் அதன் உடம்பெங்கும் குத்தத் தொடங்கினேன். மேசை விரிப்பும் சேர்ந்து துளையானது.

"இன்னாடா பண்ணிகினு இருக்கற?" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

"ஓட்ட போடறேன்பா. இன்னும் முடியல."

"எழுதனது போதும், வாயால சொல்லு" என்றார் தலைமையாசிரியை.

சொன்னேன். எழுத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே குரலில், தறியைத் தாண்டும் குரலில். ஏ-க்குச் சன்னல் புறாக்கள் பறந்தன. பி-க்கு வாட்ச்மேன் ஓடிவந்தார். எஃப் முடிவதற்குள் தலைமையாசிரியை காதைப் பொத்திக்கொண்டார். "சீட் குடுத்துட்டேங்க! மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க!"

அப்பா ஆசைப்பட்ட அமைதியான இடம் எனக்கு வாய்க்கவில்லை. செய்யாறு கம்பெனியில் தறியே தேவலாம் என்கிற இயந்திரங்களோடு இருக்கிறேன். அங்கே இயந்திரங்களுக்கு எழுத்துதான் பெயர்; கோடியிலிருக்கும் ஆளுக்கு எது என்று சொல்ல நான் இன்றும் கே-யாக நிற்பதுண்டு. ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. டிசைன் கம்ப்யூட்டருக்குள் போனதால் அட்டைகளும் இல்லை. தறிச் சத்தம் போகும்போது அப்பாவின் காதையும் கொண்டுபோய்விட்டது.

போன சேர்க்கையின்போது அதே பள்ளிக்கு நானும் அப்பாவும் என் மகளை அழைத்துப் போனோம். மழலையர் வகுப்பில் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து எழுத்து கற்றவள். புதுத் தலைமையாசிரியை முன் பிசிறில்லாமல், கொசு பாடுவது போல ஆரம்பித்தாள். பக்கத்து நாற்காலியில் அப்பா தவித்தார்.

"பாப்பா சொல்லுதாடா? ஒண்ணும் கேக்கலையே!"

நான் எழுந்து அவருக்கு எதிரே போய் நின்று, காலை அகட்டிக் கைகளைக் கூப்பினேன். அப்பா முகம் மலர்ந்தது. "ஏ" என்றார், ஊருக்கே கேட்கும்படி. மகள் சொல்லச் சொல்ல நான் வளைந்தேன். அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். தலைமையாசிரியை பேனாவை மூடிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டி வந்தது. பக்கவாட்டில் திரும்பி நின்றேன். மிச்சத்தைத் தொப்பை பார்த்துக்கொண்டது.