ஞாயிற்றுக்கிழமை வடை பாயசம்

என் தம்பியைச் சேர்த்திருந்த மறுவாழ்வு நிலையத்தில் வடை பிரமாதமாக இருக்கும். நியாயமாக முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். உத்திரமேரூர்க் கல்யாண வீடுகளில்கூட அப்படி ஒரு ஆமவடையை நான் தின்றதில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் பார்க்க வரலாம். அன்றைக்கு வடை, பாயசம், இரண்டு பொரியலோடு இலை போடுவார்கள். நோயாளிகளுக்கு இல்லை, எங்களுக்கு.

எழுபதுகளின் கடைசி அது. தம்பிக்கு இருபத்துநாலு வயது. வைக்கோல் ஏற்றிய டிராக்டரின் உச்சியில் உட்கார்ந்து வந்தவன், ஏரிக்கரை இறக்கத்தில் வண்டி குலுங்கியதும் தலைகுப்புற விழுந்தான். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தான். உயிர் தங்கியது. வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சில் ‘சரி’ என்ற ஒரு வார்த்தைதான் மிச்சம். “கை காலை தினமும் பழக்குங்க, பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க, கொஞ்சம் கொஞ்சமா வரும்” என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். எப்படிப் பழக்குவது என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பெரிய வரிசை நின்றது.

வீட்டுக்கு வந்தவன் இடது கையால் சாப்பிடத் தொடங்கினான். தானாகவே, சிந்தாமல். அது எவ்வளவு பெரிய காரியம் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எங்களுக்கு மானம் போயிற்று. ஒரு காதுகுத்து விருந்தில் பக்கத்து இலைக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொண்டார். கால் கழுவுகிற கையால் தின்கிறவனோடு ஒரே பந்தியில் உட்காரமாட்டாராம். அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் அவர் தண்ணீர் குடித்த டம்ளரை எந்தக் கையால் பிடித்திருந்தார் என்பதை நான் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய? அம்மா அழுதாள். அடுத்த வாரமே தம்பியை நிலையத்தில் கொண்டுபோய் விட்டோம்.

ஊருக்கு வெளியே மூடிப்போன அரிசி ஆலையில், ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் அந்த நிலையத்தை நடத்திவந்தார். தலையில் அடிபட்டவர்கள் பதினைந்து, இருபது பேர் இருந்தார்கள். அம்மா அவரிடம் கேட்டது ஒன்றுதான்.

“வலது கையால சாப்புட வெச்சுட்டீங்கன்னா போதும் நைனா. அப்பால நாங்க வூட்டுக்கு இட்டுக்கினு போயிடறோம்.”

“மூணே மாசம்மா,” என்றார் கம்பவுண்டர்.

வலது கை வந்தால் வீடு, வராவிட்டால் அரிசி ஆலை. என் தம்பியின் மீதி வாழ்க்கையை இப்படி இரண்டு வார்த்தையில் முடிவு செய்துவிட்டு பஸ் ஏறினோம்.

பார்க்கப் போகிற ஞாயிறுகளில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, பட்டையாக விபூதி பூசி, முன்கூடத்து பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்திருப்பார்கள். கம்பவுண்டர் எங்கள் எதிரிலேயே தம்பியை விசாரிப்பார்.

“சாப்பாடு நல்லா கீதா தம்பி?”

“சரி.”

“கை தேவலையா?”

“சரி.”

“பாத்தீங்களா சார்!” என்று என் பக்கம் திரும்புவார். ஏரியில் பிடித்துத் தள்ளட்டுமா என்று கேட்டாலும் அவன் சரி என்றுதான் சொல்லியிருப்பான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு குளிர்ந்துபோகும். ஆள் துரும்பாக இளைத்திருக்கிறானே என்று ஒருமுறை கேட்டேன். “ஒடம்பு எளச்சாதான் சார் நரம்பு வேல செய்யும்,” என்றார். வைத்தியம் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பிறகு நோயாளிகளைப் பின்கட்டுக்கு ஓட்டிப்போய்விடுவார்கள். எங்களுக்கு இலை விழும். கை கழுவியதும் கருத்து நோட்டு வரும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டால் அவரைக் குறை சொல்லக்கூடாது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் கூடாது. ஊசிப்போன சாம்பாரை ஊற்றினவனையும் வாழ்த்திவிட்டுத்தான் வருவோம். கம்பவுண்டர் மருந்தைப் படித்தாரோ இல்லையோ, எங்களை நன்றாகப் படித்திருந்தார்.

அங்கே வருகிறவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. நான் பள்ளிக்கூட வாத்தியார். அதனால் எல்லாருக்காகவும் நானே எழுதுவேன். தாமலிலிருந்து ஒரு பெரியவர் வருவார். ஒரு ஞாயிறு அவர் மகன் உதடு கிழிந்து உட்கார்ந்திருந்தான். பெரியவர் அதை வெகுநேரம் பார்த்தார். சாப்பிட்டு முடித்து என்னிடம் வந்தார்.

“நல்லதா ரெண்டு வார்த்த எழுதிடு சாரே. வவுறு நெறைய துன்னுட்டு இன்னாத்தக் கொற சொல்றது?”

‘பெற்ற தாயினும் மேலான கவனிப்பு’ என்று எழுதினேன். எனக்குத் தமிழ் நன்றாக வரும்.

நாலாவது தடவை போன ஞாயிறு ஆடிக்கிருத்திகை. எனக்கு விரதம். மற்றவர்கள் இலையில் உட்கார்ந்ததும், வேலை இல்லாமல் பின்கட்டுக்கு நடந்தேன்.

தரையில் அலுமினியத் தட்டுகளில் ஏதோ கூழ் இருந்தது. என் தம்பியின் இடது கையைப் பின்னால் மடக்கித் துண்டால் தூணோடு கட்டியிருந்தார்கள். வலது கை மடியில் கிடந்தது. அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்து பார்த்தான், வாய் எட்டவில்லை. மணி அடித்தது. ஒரு வேலையாள் வந்து தட்டுகளை வாரினான். தம்பியின் தட்டு நிரம்பியபடியே போயிற்று.

“தெனம் இப்டித்தான் சார்,” என்றான் அவன். “பசிச்சா கை தானா வரும்னு அய்யா சொல்லிக்கீறாரு. யாரும் இல்லாதப்ப நான் ரெண்டு வாய் ஊட்டி வுடுவேன். சொல்லிடாதீங்க.”

துண்டை அவிழ்த்து, தம்பியை முன்கூடத்துக்கு இழுத்துவந்து கத்தினேன். கம்பவுண்டர் பதறவில்லை. “உங்க அம்மா கேட்டது இதானே சார்?” என்றார். பிறகு நோட்டைப் பிரித்துக் காட்டினார். பக்கம் பக்கமாக என்னுடைய குண்டுக் கையெழுத்து. “இத்தெல்லாம் நாங்களா எழுதிக்கினோம்?”

பந்தியில் ஒருவரும் இலையை விட்டு நிமிரவில்லை. அவர்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. விரதம் மட்டும் இல்லாவிட்டால் நானும் அந்த வரிசையில் இன்னொரு வடைக்குக் கை காட்டிக்கொண்டிருப்பேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்த பஸ்ஸில் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அம்மா தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். அவன் கண் சோற்றை விட்டு அகலவில்லை. ஆனால் இடது கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போயிற்று. கட்ட அங்கே யாரும் இல்லை. அவனே கொண்டுபோய் வைத்துக்கொண்டான்.

“எந்தக் கையாலன்னா துன்னுடா நைனா,” என்று அம்மா கெஞ்சினாள். அவன் அசையவில்லை.

விரதத்தையெல்லாம் விட்டுத் தள்ளி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் பார்க்கட்டும் என்று, பிறந்ததிலிருந்து செய்யாத காரியமாக, இடது கையால் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனேன். தம்பி மிரண்டுபோய் வாசலைப் பார்த்தான். சட்டென்று அவனுடைய இடது கை முன்னால் வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தக் கை தட்டுக்குப் போகவில்லை. என் இடது மணிக்கட்டைப் பிடித்தது, சோற்றோடு இழுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்து அழுத்தியது. நான் அடிவாங்கிவிடக்கூடாது என்று பயந்திருக்கிறான். எவ்வளவு சொல்லியும் பிடியை விடவில்லை. கடைசியில் அம்மாதான் இரண்டு பேருக்கும் ஊட்டிவிட்டாள்.