குடித்திருந்தான் என்று சொன்னவள்

அந்த வருடம் தை அமாவாசைக்குத் திருவள்ளூரில் கூடிய கூட்டம் கலைவதற்குள், ஊருக்கு வெளியே இருந்த பொட்டலில் பொருட்காட்சி போட்டுவிட்டார்கள். ராட்டினம், வளையல் கடை, மிளகாய் பஜ்ஜி எல்லாம் வழக்கம்போல இருந்தன. புதிதாக வந்தது மரணக் கிணறு. பலகைகளை நிற்கவைத்து வட்டமாகக் கட்டிய பெரிய மரத் தொட்டி அது. வெளிப்படிகளில் ஏறி, மேல் விளிம்பைச் சுற்றி நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். கீழே ஒருவன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, வேகம் பிடித்து, சுவரில் ஏறிப் படுத்தவாக்கில் சுற்றி வருவான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோ உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலை. திருவள்ளூரிலிருந்து தினமும் காலை பாசஞ்சரில் போய்வருவேன். என்னோடு அதே மேஜையில் காயில் சுற்றுகிற, அதே ரயிலில் வருகிற தோழி ஒருத்தி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் இருவரும் பொருட்காட்சிக்குப் போனோம்.

கிணற்றில் வண்டி ஓட்டியவனுக்கு முப்பது வயது இருக்கலாம். ஒல்லியான உடம்பு, வெள்ளைக் கால்சட்டை. வண்டியைக் கிளப்புவதற்கு முன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சுவரில் ஏறியதும் பலகைகள் எல்லாம் தடதடவென்று ஆடின. எங்கள் கால்களும் ஆடின. கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு சுற்றினான். கூட்டம் விசில் அடித்தது. சிலர் ரூபாய் நோட்டை நீட்டினார்கள். அவன் விளிம்புவரை ஏறி வந்து, ஓடுகிற வேகத்திலேயே அதைப் பறித்துக்கொண்டு இறங்கினான்.

எனக்கு இடப்பக்கம் நின்ற ஓர் இளைஞன் ஒற்றை ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினான். வண்டி கிட்டே வந்ததும் நோட்டை ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொண்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வண்டிக்காரன் அடுத்த சுற்று வந்தான். மறுபடியும் நோட்டு பின்னால் போனது. இன்னும் பெரிய சிரிப்பு. மூன்றாவது சுற்றில் அவன் இன்னும் மேலே ஏறிக் கையை எட்டிப் போட்டான். விளிம்பை ஒட்டிக் கட்டியிருந்த கம்பி வடத்தில் முன்சக்கரம் பட்டது. வண்டியும் அவனும் தனித்தனியாக விழுந்தார்கள். வண்டி கீழே கிடந்து வெகுநேரம் உறுமிக்கொண்டிருந்தது. யாரோ இறங்கிப் போய் அதை அணைத்த பிறகுதான் அவன் அசையவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

நோட்டை நீட்டிய இளைஞனைத் திரும்பிப் பார்த்தேன். அந்த இடத்தில் யாரும் இல்லை.

திங்கட்கிழமை ரயிலில் அதே பேச்சுதான். எங்கள் பெண்கள் பெட்டியில் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், ஆபீஸ் போகிறவர்கள், எஸ்டேட் பெண்கள் என்று ஒரு முப்பது பேர் வழக்கமாக வருவோம். பேப்பரில் இரண்டு வரி வந்திருந்தது. சாகசக்காரர் பலி என்று போட்டிருந்தார்களே தவிர ஊர் பேர் இல்லை. வடக்கத்தி ஆள் என்றார் ஒருவர். இன்னொருவர், நெல்லூர்க்காரன் என்றார். நான் நேரில் பார்த்தவள் என்று தெரிந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அதற்கு முன் அந்தப் பெட்டியில் யாரும் என் பேச்சை அப்படிக் காதுகொடுத்துக் கேட்டதில்லை.

சொல்லிக்கொண்டே வந்தேன். வெள்ளைக் கால்சட்டை, விரித்த கைகள், விசில். "அப்புறம் எப்படிம்மா விழுந்தான்?" என்று டீச்சர் கேட்டார். நோட்டைப் பற்றிச் சொன்னால் சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

"குட்ச்சிட்டு ஏறியிருப்பான். இப்போதான் தெருவுக்குத் தெரு தொறந்து வெச்சிகிறாங்களே," என்றாள் ஜன்னலோரம் இருந்த ஒருத்தி.

மதுவிலக்கை எடுத்துச் சாராயக் கடைகள் திறந்த புதிது அது. வீட்டுக்கு வீடு அந்தக் கவலை இருந்தது. எது கெட்டாலும் குடி என்று சொன்னால் போதும், மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

"ஆமா," என்றேன். "ஏறும்போதே தள்ளாடுனான். எங்க பக்கமா வந்தப்போ வாடையே அடிச்சுது."

அந்த வேகத்தில், அத்தனை பெட்ரோல் புகையில், வாடை எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. தோழியைப் பார்த்தேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "கண்ணெல்லாம் கூட செவசெவன்னு இருந்துச்சு," என்றாள்.

பெட்டி முழுக்க ஒரு நிம்மதி பரவியது. பெற்றவர்கள் வளர்த்த லட்சணம் என்றார்கள். கட்டியவள் தலையெழுத்து என்றார்கள். "இப்படிப்பட்டவங்களைப் பார்க்கக் காசு கொடுத்துப் போறோமே, நம்மளைச் சொல்லணும்," என்று டீச்சர் மட்டும் சொன்னார். அதையும் யாரோ பேசி அமுக்கிவிட்டார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் பத்துத் தடவையாவது அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்ல அது நன்றாக வந்தது.

எங்கள் பெட்டியில் பூ விற்கிற அக்கா ஒருத்தி உண்டு. செவ்வாப்பேட்டையில் கூடையோடு ஏறுவாள். ஆவடிக்குள் பாதிக் கூடை காலியாகும். அந்த இரண்டு வாரமும் அவள் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம். விசாரிக்கவில்லை.

ஒருநாள் அவள் மறுபடி ஏறினாள். அப்போது புதிதாக வந்த ஒருத்திக்கு நான் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பூக்காரக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு, முடியும்வரை நின்று கேட்டாள்.

"நீ பாத்தியா கண்ணு?"

"பார்த்தேன்க்கா."

"குட்ச்சிருந்தானா?"

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமாக்கா," என்றேன்.

அவள் குனிந்து எனக்கு வழக்கமான ஒரு முழத்தை அளந்தாள். நாரைக் கிள்ளினாள். "அவன் என் தம்பி," என்றாள். "பீடிகூட புடிக்க மாட்டான்னு நென்ச்சிக்கினு இருந்தேன். நீ கண்ணால பாத்ததா சொல்ற. நான் இன்னா சொல்றது?"

பூவை என் மடியில் வைத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனாள். அன்றைக்கு எல்லோரும் பூ வாங்கினார்கள். எப்போதும் வாங்காதவர்களும் இரண்டு முழம், மூன்று முழம் என்று வாங்கினார்கள். திருநின்றவூர் தாண்டுவதற்குள் கூடை காலியாகிவிட்டது. அவள் காலிக் கூடையைத் தலைகீழாகத் தட்டிவிட்டு, அதைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

உடனே எழுந்துபோய்ச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாளாவது சொல்லியிருக்க வேண்டும். தினமும் செவ்வாப்பேட்டை வரும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவள் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இப்படியே மூன்று வாரம் போனது. ஒருநாள் அவள் டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எங்கள் பெட்டியில் வருகிற யாரோ வீட்டில் போய்ச் சொல்லி, அது செவ்வாப்பேட்டை டீக்கடை வரைக்கும் வந்து, அவளுடைய அப்பாவின் காதுக்குப் போயிருக்கிறது. அவர் ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குடித்தவனை வாசலில் சேர்க்காத மனிதர். மகன் குடித்து விழுந்தான் என்று கேட்டதும் அவர் கோபம் மருமகள் மேல் திரும்பிவிட்டது. தெரிந்தும் மறைத்தாள் என்று சொல்லி, அவளையும் மூன்று வயதுப் பெண் குழந்தையையும் கும்மிடிப்பூண்டிக்கு, தாய் வீட்டுக்கே அனுப்பிவிட்டாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செவ்வாப்பேட்டையில் இறங்கி, விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஈரத் துணியில் பூவைக் கொட்டிவைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். வாடை அடிக்கவில்லை. தள்ளாடவும் இல்லை. நானாகச் சொன்னேன்.

அவள் விரல்கள் நின்றன. "அன்னைக்கே சொல்லிருக்கலாமே கண்ணு," என்றாள்.

உள்ளேயிருந்து பெரியவர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "அப்போ இன்னாதான் நடந்துது?" என்றார்.

நோட்டைப் பற்றிச் சொன்னேன். யாரோ நீட்டினார்கள், இழுத்தார்கள் என்று சொன்னேன். சிரிப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

"ஒத்த ரூபாய்க்கா?" என்றார். என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து வாயைத் திறந்தேன். அவர் உள்ளே போய்விட்டார். உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது.

பூக்காரக்கா மறுபடி நாரை எடுத்துக்கொண்டு, "தம்பி பொண்டாட்டிகிட்ட நீயே போய்ச் சொல்லிடு. நாங்க சொன்னா நம்ப மாட்டா," என்றாள்.

மறுநாள் ரயிலிலும் சொன்னேன். சொல்வதற்கு முன் தண்ணீர் குடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். தோழி கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். "முடிஞ்சுபோனதை எதுக்கும்மா கிளறிக்கினு," என்றாள் ஒருத்தி. ஜன்னலோரத்துப் பெண் ஒரேயடியாக மறுத்தாள். "அதெல்லாம் இல்ல. குட்ச்சிதான் இருந்தான். எனக்கு நல்லாத் தெரியும்." பார்த்தவள் நான் என்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அடுத்த ஞாயிறு கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினேன். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாற வேண்டும். போய்ச் சேரும்போது உச்சி வெயில். அவன் மனைவி ரைஸ்மில்லில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவித்த நெல்லைக் களம் முழுக்கப் பரப்பியிருந்தார்கள். அதைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பதுதான் வேலை. என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவளாகத்தான் தெரிந்தாள். நின்று பேச முடியாது என்றாள். அதனால் களத்தின் ஓரமாக நானும் கூடவே நடந்தேன்.

குடித்திருந்தான் என்று சொன்னவள் நான்தான் என்று ஆரம்பித்தேன். அது பொய் என்றேன்.

"அவரு குட்ச்சதில்லன்னு சொல்றதுக்கா இம்மாந்தூரம் வந்த?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அது எனக்குத் தெரியாதா? கூட இருந்தவ நானு. மாமனாருக்குத்தான் தெரியல, பெத்தவருக்கு."

ஒரு கோடி போய்த் திரும்பினோம்.

"நீ அங்க இருந்தல்ல. எப்டி உழுந்தாரு, சொல்லு. எனக்கு யாரும் சரியா சொல்லல."

சொன்னேன். ரயிலில் சொன்ன மாதிரி அல்ல. அவன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதிலிருந்து, கம்பியில் சக்கரம் பட்டதுவரை பார்த்ததைச் சொன்னேன். நோட்டைச் சொன்னேன். எல்லோரும் சிரித்ததைச் சொன்னேன்.

"நீயும் சிரிச்சியா?"

"சிரிச்சேன்."

அவள் கால் நெல்லைத் தள்ளிக்கொண்டே போனது. குழந்தை மில் சுவரோரம் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"அந்த சிரிப்பு அவருக்கு கேட்டிருக்குமா?"

வண்டிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உண்மையில் எனக்குத் தெரியாது. ஏற்கெனவே தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லித்தான் இவ்வளவும் ஆனது என்ற நினைப்பு என்னைப் பிடித்து இழுத்தது.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். நான் வந்ததிலிருந்து அப்போதுதான் நின்றாள். பிறகு, "ரெண்டு மணிக்கு ஒரு வண்டி கீது. உட்டா சாயந்திரம்தான். கெளம்பு," என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

சித்திரை பிறப்பதற்குள் பெரியவர் தானே கும்மிடிப்பூண்டிக்குப் போய் மருமகளைக் கூப்பிட்டார் என்று பூக்காரக்கா டீச்சரிடம் சொன்னாள். அவள் வர மறுத்துவிட்டாள். பேத்தியை வேண்டுமானால் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றாளாம். அவரும் மாதம் ஒருமுறை ஒரு பொட்டலம் பொரியும் பொட்டுக்கடலையும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பூக்காரக்கா என்னைத் திட்டவில்லை. எனக்குப் பூ கொடுப்பதையும் நிறுத்தவில்லை. கண்ணு என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்துக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டேன். எத்தனையோ விஷயங்களில் உண்மையைச் சொல்லாமல் போனதற்காக வருந்தியிருக்கிறேன். அந்தக் களத்தில் மட்டும், கேட்டிருக்காதும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இன்றும் தோன்றுகிறது.