வீரகத்தி ஐயாவின்ரை பந்துப் பெட்டி

பேய் இரவிலைதான் வரும் எண்டு ஆர் சொன்னது? எனக்கு வந்தது பட்டப்பகலிலை. வெளியிலை வெயில் கொளுத்துது. பக்கத்து வீட்டிலை மீன் பொரிக்கிற மணம். நம்பாட்டிப் போங்கோ, நடந்தது நடந்ததுதான்.

நான் யூலிற்றா. முல்லைத்தீவுக் கடற்கரைதான் எங்கடை இடம். போன மாசியிலை என்ரை மனிசன் மரியநேசன் கரைவலை இழுக்கேக்குள்ளை பாரிசவாதம் வந்து விழுந்திட்டார். வலக்கை, வலக்கால் ஏலாது. வாயும் கோணிப்போச்சு. அதைவிடப் பெரிய கவலை மூச்சு. நெஞ்சிலை ஒரு பக்கம்தான் எழும்பும். இருமக்கூடச் சக்தியில்லை. "சளி கட்டினால் ஆள் தப்பாது அம்மா, மூச்சுப் பயிற்சியை ஒரு நாளும் நிப்பாட்டாதையுங்கோ" எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.

பயிற்சிக்கு ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. உள்ளுக்கை மூண்டு பந்து. குழாயை வாயிலை வைச்சு மூச்சை உள்ளுக்கு இழுத்தால் பந்து மேலை போகும். மூச்சு நிண்டால் 'டக்' எண்டு விழும். மனிசன்ரை கோணின வாயாலை காத்துப் போயிடும் எண்டு நான் சொண்டு ஓரத்தை விரலாலை அமத்திப் பிடிக்க வேணும்.

ஆஸ்பத்திரியிலை பக்கத்துக் கட்டில் ஒட்டுசுட்டான் ஊர்க்கார வீரகத்தி ஐயா. அவருக்கும் இதே வருத்தம்தான். அவற்றை மனிசி இராசேஸ்வரியக்கா வாய் திறக்காத சீவன். எனக்கோ வாய் நீளம். ரண்டு ஆம்பிளையளின்ரை பயிற்சிக்கும் நான்தான் சத்தம் போடுவன்.

"இழுங்கோ... பிடியுங்கோ... இனி விடுங்கோ!"

நான் சொல்லாமல் ஐயா மூச்சை விடமாட்டார். விட்ட கையோடை "ஓம் பிள்ளை" எண்டுவார். எங்கடை பெட்டி விழுந்து உடைஞ்சு போச்சு. நாங்கள் வீட்டை போற அண்டு ஐயா தன்ரையைத் தந்திட்டார். நான் குழாயை மட்டும் புதிசாப் போட்டன்.

அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் பன்ரண்டு பத்து. மனிசன் கஞ்சி குடிச்சிட்டுக் கண்ணயர்ந்திட்டார். நான் குசினியிலை மீன் வெட்டுறன்.

டக்.

மனிசன் தானா எழும்பிப் பயிற்சி செய்யுறார் எண்டு எனக்குச் சரியான சந்தோசம். "இஞ்சேருங்கோ, களைச்சுப் போவியள்!" எண்டு கத்தினன்.

கத்தியை வைச்சிட்டுக் கை கழுவினன்.

டக்... டக்...

எட்டிப் பார்த்தன். மனிசன் நல்ல நித்திரை. பெட்டி அலுமாரிக்கு மேலை இருக்கு. குழாய் சும்மா தொங்குது.

ஒரு பந்து மேலை போகுது. நடுங்குது. விழுது.

காத்தாக்கும் எண்டு பார்த்தால், யன்னல் பூட்டு. கரண்டும் இல்லை, ஃபான் நிண்டுபோய்க் கிடக்கு.

குழாய்க்குள்ளாலை ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ்... ஆரோ இழுக்கினம்.

ரண்டாவது பந்து.

மனிசனைத் திரும்பிப் பார்த்தன். நெஞ்சு அசையேல்லை.

மூண்டாவது பந்து.

மூண்டும் மேலை. விழேல்லை...

மணிக்கூட்டிலை பன்ரண்டு பதினேழு. மனிசன்ரை சொண்டு நீலம்.

அய்யோ மாதாவே! தோளைப் பிடிச்சு உலுப்பினன். மூச்சில்லை. அந்தப் பெட்டி மட்டும் இழுக்குது... என்ரை மனிசன்ரை மூச்சை.

எனக்குப் பயத்தைவிட விசர்க் கோவம்தான் வந்தது.

"காணும் இழுத்தது! விடுங்கோ!"

டக். டக். டக்.

மனிசன் ஒரு இருமல் இருமினார். வருத்தம் வந்த பிறகு அப்பிடி இருமினதே இல்லை. கட்டிக்கிடந்த சளி முழுக்க வந்து விழுந்தது. நான் அழுதன், சிரிச்சன், அவற்றை நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தன்.

பின்னேரம் இராசேஸ்வரியக்காவின்ரை போன்.

"யூலிற்றா... இவர் என்னை விட்டிட்டு மோசம் போயிட்டார்."

"எப்பயக்கா?"

"மத்தியானம். காலமையிலையிருந்து இழுத்துக்கொண்டு கிடந்தவர். பன்ரண்டே கால் இருக்கும், நெஞ்சு நிறைய ஒரு மூச்சு எடுத்தார். அதை விடவேயில்லை. நல்லாப் பிடிச்சுக்கொண்டிருந்தவர்... தப்பியிடுவார் எண்டு நினைச்சன். திடீரெண்டு கதவுப் பக்கம் பார்த்துச் சிரிச்சார். 'ஓம் பிள்ளை' எண்டார். அதோடை மூச்சை விட்டிட்டார். ஆரைச் சொன்னாரோ தெரியாது. எங்களுக்குப் பிள்ளையளும் இல்லையே..."

அந்தப் பிள்ளை நான்தான் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

மனிசன் இப்ப ரண்டு பந்து எழுப்புவார். "இழுங்கோ" எண்டுவன். "பிடியுங்கோ" எண்டுவன். மற்றது மட்டும் வாயிலை வராது. கையாலைதான் காட்டுறன்.